யானை குளிப்பதைப் பார்க்க மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக ஓடும் வாதத்துக்கு அங்கேயே வொய்ஸ் போட்டுப் பதில் சொன்னால் யாரும் முழுதாகக் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் பாடசாலைச் சுற்றுலா. "பின்னவல வேண்டாம் சேர், எத்தனை தரம் அதையே பார்ப்பது, தண்ணீர் விளையாட்டு இருக்கிற இடமாகப் பாருங்கள்" என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரு தந்தை எழுதியிருந்தார்: மனுசனுக்கே மூன்று வேளைச் சாப்பாடு கஷ்டமாக இருக்கிறது, யானைக்குத் தீனி போடுவதை நாங்கள் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா? அதற்கு ஏழெட்டுப் பேர் கைதட்டியும் இருந்தார்கள்.

முதல் ஆளுக்குப் பதில் தேவையில்லை. இரண்டாவது ஆளின் கேள்வி மரியாதையான கேள்வி. பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் சேர்த்த காசில்தான் நம் பிள்ளைகளின் பஸ் கட்டணம் வருகிறது. அந்தக் காசுக்குப் பிள்ளை எதைப் பார்த்துவிட்டு வருகிறது என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. நான் அவர் பக்கம்தான் நிற்கிறேன், ஆனால் அவர் வந்த முடிவுக்கு வரவில்லை.

பின்னவலயில் நம் பிள்ளைகள் வழக்கமாகப் பார்ப்பது என்ன? கூட்டமாக யானைகள் கடைத்தெருவைக் கடந்து மகா ஓயாவில் இறங்கும். குட்டி தண்ணீர் பீய்ச்சும். எல்லோரும் கைபேசியைத் தூக்குவார்கள். பிறகு யானைச் சாணக் காகிதத்தில் செய்த ஒரு குறிப்புப் புத்தகம், ஒரு ஐஸ்கிறீம், பஸ். அடுத்த நாள் கட்டுரை: "யானை மிகப் பெரிய மிருகம். அதற்குத் துதிக்கை உண்டு." ஐந்தாம் ஆண்டில் எழுதிய அதே கட்டுரையைப் பத்தாம் ஆண்டிலும் எழுதும் பிள்ளைகள் என்னிடம் உண்டு.

அந்த ஆற்றங்கரைக்குப் பின்னால் நடப்பதுதான் பார்க்க வேண்டியது. வளர்ந்த ஒரு யானைக்கு அங்கே நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 கிலோ பச்சைத் தீனி போகிறது. தென்னோலை, பலாக் கிளை, கித்துல், புல். பெரும்பகுதி வெளியே இருந்து லொறியில் வர வேண்டும். அதற்கு மேல் தவிடும் சோளமும். அங்கே இருப்பவை சுமார் 70 யானைகள். பெருக்கிப் பாருங்கள், கணிதப் பாடத்துக்கும் உதவும். அத்தனையையும் யாரோ காட்டிலும் தோட்டத்திலும் வெட்ட வேண்டும், ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். தின்றது வெளியே வந்ததும் அதையும் யாரோ அள்ள வேண்டும். யானைப் பாதம் பெரிதாக இருந்தாலும் நோய் பிடிக்க வசதியான இடம். நகமும் அடிப்பாதமும் வெடித்துச் சீழ் கட்டாமல் கழுவி, தேய்த்து, மருந்து போட வேண்டும். மதம் பிடித்த ஆண் யானைக்குப் பக்கத்தில் போகும் ஆளுக்கு அன்று வீட்டுக்குத் திரும்புவது உறுதியில்லை. யானைக்குப் பெருநாளும் இல்லை, தீபாவளியும் இல்லை, போயாவும் இல்லை. 2020 மார்ச்சில் நாடு முழுக்க ஊரடங்கு போட்டு மிருகக்காட்சிசாலைகளின் வாசல் மூடியபோதும் அந்த 250 கிலோ ஒரு கிலோகூடக் குறையவில்லை. நுழைவுச்சீட்டுக் காசு மட்டும்தான் நின்றது.

இதைப் பார்த்து "மனுசனுக்கே இல்லை" என்று சொல்வதைவிட, "இந்த வேலை செய்யும் மனிதர்களும் நம்மைப் போலக் கூலி வேலைக்காரர்கள்தான்" என்று பிள்ளைக்குச் சொல்லலாம். விடியற்காலை எழும்பி வேலைக்குப் போகும் தாயைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது சட்டென்று விளங்கும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு ஏன் வைத்திருக்கிறார்கள்? இங்கேதான் நாங்கள் ஆசிரியர்களும் பிள்ளைகளுக்குப் பாதிக் கதையைச் சொல்லி அனுப்புகிறோம்.

பின்னவல 1975இல் தொடங்கியபோது அங்கே இருந்தவை ஐந்து குட்டிகள். தாய் செத்துப் போன, தாயைப் பிரிந்த குட்டிகள். தொடக்கியது வனஜீவராசிகள் திணைக்களம். 1978இல் அது மிருகக்காட்சிசாலைத் திணைக்களத்துக்குக் கைமாறியது. 1984இல் அங்கேயே முதல் குட்டி பிறந்தது. அதற்குப் பிறகு பிறந்துகொண்டே இருக்கிறது. 2021 ஓகஸ்ட் கடைசியில் சுரங்கி என்ற யானை இரட்டை ஆண் குட்டிகள் போட்டது நினைவிருக்கும், 1941க்குப் பிறகு இலங்கையில் அதுதான் முதல் தரம் என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நானும் வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டினேன்.

சந்தோஷம்தான். ஆனால் அங்கே பிறக்கும் குட்டி காட்டுக்குப் போவதில்லை. அது அங்கேயே வளரும், அல்லது பன்சலைக்கோ வேறொரு மிருகக்காட்சிசாலைக்கோ போகும். நந்தி என்ற குட்டியை 2016இல் நியூசிலாந்துப் பிரதமருக்குப் பரிசு என்று அறிவித்து, அதை எதிர்த்து 2017இல் இங்கே சிலர் நீதிமன்றம் போனார்கள். ஓர் உயிரைப் பரிசுப் பொருளாகப் பெட்டியில் அடைத்து அனுப்பலாமா என்பதுதான் கேள்வி. நாம் வெளிநாட்டிலிருந்து பரிசாக வாங்கியதை எப்படி வைத்திருந்தோம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 2001இல் தாய்லாந்து தந்த முத்துராஜாவை, சரியாகப் பராமரிக்கவில்லை என்று சொல்லி, 2023 ஜூலையில் அவர்களே விமானத்தில் ஏற்றித் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். உலகமே பார்த்தது. எனக்கு அன்று ஒரு இலங்கையனாக வெட்கமாக இருந்தது.

இப்போது இரத்தினபுரிப் பக்கம் வாருங்கள். எம்பிலிப்பிட்டிய தாண்டினால் உடவலவ. அங்கே 1995 முதல் இன்னொரு இடம் இருக்கிறது, யானைகள் இடைத்தங்கல் முகாம். சிங்களத்தில் அத் அத்துரு செவன. வனஜீவராசிகள் திணைக்களம் நடத்துகிறது. தாயற்ற குட்டிகளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பால். பசுப்பால் அந்தக் குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றோட்டம் வந்து செத்துவிடும். அதனால் மனிதக் குழந்தைக்குக் கொடுக்கும் பால்மாவைக் கரைத்து, புனல் வைத்துக் குழாயால் ஊற்றுகிறார்கள். 2021, 2022இல் ஒரு பால்மாப் பக்கெட்டுக்கு நாம் எத்தனை கடை ஏறி இறங்கினோம் என்று மறக்கவில்லை. அப்போதும் அந்தக் குட்டிகளுக்குப் பால் கரைக்க வேண்டியிருந்தது.

அங்கே போனால் குட்டியைத் தொட முடியாது. தூரத்தில் மேடையில் நின்றுதான் பார்க்கலாம். பால் குடித்த குட்டி திரும்பியும் பார்க்காமல் காட்டுப் பக்கம் போகும். படம் பிடிக்க ஒன்றுமில்லை என்று சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் காரணம் இருக்கிறது: மனிதனோடு பழகிய குட்டி நாளைக்குக் காட்டில் பிழைக்காது, பழகிய பாசத்தில் ஊருக்குள் வந்து சுடுபட்டுச் சாகும். ஏறக்குறைய ஐந்து வயதானதும் கூட்டமாகக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். சிலவற்றின் கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டி எங்கே போகிறது என்று பின்தொடர்கிறார்கள். இப்படி 100க்கு மேற்பட்ட குட்டிகள் திரும்பக் காட்டுக்குப் போயிருக்கின்றன.

ஒரு பூனையைக் கட்டி வைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் மதரஸாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைப் "பூனைக்குப் பாவம் செய்யாதே" என்ற அளவில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் நபி (ஸல்) அவர்கள் அந்தப் பெண்ணின் குற்றத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அடைத்து வைத்தவள் அதற்கு உணவும் தரவில்லை, அது தானே பூச்சி புழுவைப் பிடித்துத் தின்னட்டும் என்று அவிழ்த்தும் விடவில்லை. ஆக அவளுக்கு முன்னால் இரண்டு வழி இருந்திருக்கிறது. வைத்துக்கொள்வதானால் தீனி போட வேண்டும். முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

பின்னவலயில் நடப்பது முதல் வழி. அதைச் செய்வதானால் முழுதாகச் செய்ய வேண்டும். சங்கிலியையும் அங்குசத்தையும் பற்றிப் பல வருடமாக உள்ளூரிலும் வெளிநாட்டிலும் பலர் குறை சொல்கிறார்கள். அந்தக் குறையை நம் ஊர் வருமானத்தைக் கெடுக்கும் சதி என்று தள்ளிவிடக் கூடாது. பின்னவலயை நம்பி ரம்புக்கனையிலும் கேகாலையிலும் எத்தனை கடை, எத்தனை முச்சக்கர வண்டி ஓடுகிறது என்று எனக்கும் தெரியும், என் சொந்தக்காரர்களும் அதில் இருக்கிறார்கள். உடவலவயில் நடப்பது இரண்டாவது வழி. என் மனதுக்குப் பிடித்தது இரண்டாவதுதான், அதை மறைக்கவில்லை. ஆனால் மிதிவெடியில் ஒரு பாதத்தை இழந்து பின்னவலக்கு வந்த சாமா போன்ற யானையைக் காட்டில் விட முடியாது. அதற்கு முதல் வழிதான் வேண்டும்.

இரண்டு வழியும் இல்லாத மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது பின்னவலயிலும் இல்லை, உடவலவயிலும் இல்லை. நம் தோட்டத்தில் இருக்கிறது. பிரேக் கம்பி.

2020 மே 26ஆம் திகதி. சிவனொளிபாதமலைக்கு அந்தப் பக்கம் நல்லதண்ணித் தோட்டப் பகுதியில், மரக்கறித் தோட்டத்தில் வைத்த கம்பிக் கண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. இலங்கையில் கருஞ்சிறுத்தை அழிந்தே போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொண்டிருந்த காலம். மயக்க ஊசி போட்டு உயிரோடு எடுத்து எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? நான் மேலே சொன்ன அதே உடவலவ முகாமுக்கு. யானைக்குட்டிக்குப் பால் கரைக்கும் அதே இடத்தில் மிருக வைத்தியர்கள் பாடுபட்டார்கள். மே 29ஆம் திகதி செத்துவிட்டது.

கண்ணியில் மாட்டிய சிறுத்தையை அவிழ்த்துவிட்டால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மாட்டிய மிருகம் விடுபடுவதற்காக மணிக்கணக்காகத் துள்ளும். துள்ளத் துள்ளக் கம்பி இறுகும். வெளியில் கீறல் மாதிரித்தான் தெரியும், உள்ளே சதை நசுங்கி, அந்த நஞ்சு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடிக்கும். அவிழ்த்து இரண்டு மூன்று நாளில் சாவது அதனால்தான். எவ்வளவு கெட்டிக்கார வைத்தியரும் அதற்குப் பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை.

அந்தக் கண்ணி சிறுத்தைக்கு வைத்ததில்லை. பன்றிக்கு வைத்தது. பழத்துக்குள் வெடிமருந்து வைக்கும் ஹக்க பட்டாஸும் அப்படித்தான். பெரும்பாலும் பன்றிக்கு வைக்கிறார்கள், யானைக்குட்டி வாய் கிழிந்து சாகிறது. யாரும் கொல்ல நினைக்காமலே செத்துப் போகும் மிருகங்கள் இவை.

என் வகுப்பில் ஒருநாள் "உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள உயிரினங்கள்" என்று பாடம். சிறுத்தையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு பையன் எழும்பி, கண்ணி எப்படி முறுக்குவது, பன்றித் தடத்தில் எந்த உயரத்தில் கட்டுவது, எந்தச் செடியை வளைத்தால் விசை நிற்கும் என்று பலகையில் படமே போட்டுக் காட்டினான். அவ்வளவு துல்லியம். விஞ்ஞானப் பாடத்தில் ஒரு படம்கூட அப்படிப் போடாத பிள்ளை. எனக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. அவன் தகப்பன் லயத்துக்குப் பின்னால் போட்ட வற்றாளையும் மரவள்ளியும் ஒரே இரவில் பன்றி உழுதுவிட்டுப் போயிருந்தது. அந்த மாதம் அவர்களுடைய இரவுச் சாப்பாடு அதுதான்.

ஆகவே, கருஞ்சிறுத்தை செத்த நாட்களில் முகநூலில் சிலர் எழுதிய மாதிரி "தோட்டத்து ஆட்கள் காட்டுமிராண்டிகள்" என்று எழுத நான் இங்கே வரவில்லை. கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து சிறுத்தைக்காக அழுவது சுலபம். தேயிலையையும் இறப்பரையும் பராமரிக்காமல் காடாக விட்டது யார்? மானா புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்த மலைகளில்தான் பன்றி குட்டி போடுகிறது, அதன் பின்னால் சிறுத்தை வருகிறது, லயத்து நாயைத் தூக்குகிறது. சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாத ஆள் நல்ல வேலி எங்கே போடுவது? இந்தக் கேள்விகளைத் தோட்ட நிர்வாகங்களிடமும் பிரதேச சபையிடமும் நாம் கேட்கத்தான் வேண்டும். மிருகம் பயிரை அழித்தால் அதற்கு ஒரு வழி செய்து கொடுக்காமல் சட்டத்தை மட்டும் நீட்டினால் கண்ணி ஒளிந்துகொள்ளுமே தவிர ஒழியாது.

நம் முஸ்லிம் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. பன்றி நமக்கு ஹராம், கண்ணி நம் விஷயம் இல்லை என்று இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்த வேண்டாம். கொக்கோவும் கறுவாவும் தென்னங்கன்றும் போட்ட காணிக்காரர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். "நீ என்ன செய்வாயோ தெரியாது, பன்றி வரக்கூடாது, பிடித்ததை நீயே எடுத்துக்கொள்" என்று காவல்காரனிடம் சொல்லிவிட்டு வருபவர்களை எனக்குத் தெரியும். இறைச்சியைத் தொடாததால் கை சுத்தம் என்று நினைக்கிறோம். கட்டி வைத்து, தீனியும் போடாமல், அவிழ்த்தும் விடாமல் சாகவிடுவது என்றால் அந்தக் கம்பி செய்வதும் அதுதானே. கட்டியவன் கை யாருடையது, காணி யாருடையது?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1937ஆம் ஆண்டின் வனஜீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சிறுத்தை பாதுகாக்கப்பட்ட மிருகம். பன்றிக்குத்தான் வைத்தேன் என்பது நீதிமன்றத்தில் உதவாது. ஜெயிலுக்குப் போவது காணிக்காரன் இல்லை, கண்ணி கட்டிய ஏழைதான்.

நாடு முழுவதும் 2023இல் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் யானை–மனித மோதலில் செத்தார்கள். கேகாலையில் நமக்குக் காட்டு யானைப் பிரச்சினை இல்லை, யானை என்றால் பெரஹராவும் மகா ஓயாவும்தான். அதனால்தான் இந்த எண்ணிக்கை நமக்கு உறைப்பதில்லை. ஆனால் உடவலவக்குக் குட்டி வந்து சேர்வது பெரும்பாலும் இந்த எண்ணிக்கையிலிருந்துதான். பல குட்டிகளுக்குப் பின்னால் ஒரு தாய் எங்கோ கிணற்றிலோ, மின்வேலியிலோ, துப்பாக்கியிலோ போயிருக்கிறது. மிருகக்காட்சிசாலை என்பது ஒரு ஆஸ்பத்திரி மாதிரி. ஆஸ்பத்திரியைச் சுற்றிக் காட்டிவிட்டு, ஏன் இத்தனை பேர் காயப்பட்டு வருகிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எனவே சுற்றுலா பற்றி என் யோசனை. இந்த வருடம் உடவலவ போவோம். அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மடுல்ல, எம்பிலிப்பிட்டிய. விடியற்காலையிலேயே புறப்பட்டால் பகல் 12 மணிப் பாலைப் பார்க்கலாம். தூரம் கூட, பஸ் காசும் கூட, மறுக்கவில்லை. கட்ட முடியாத பிள்ளைகளின் பெயரை எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போட வேண்டாம். அதை நாங்கள் சில ஆசிரியர்கள் பார்த்துக்கொள்கிறோம். அவ்வளவு தூரம் வேண்டாம் என்று பெரும்பான்மை சொன்னால் பின்னவலயே போவோம், ஆனால் ஆற்றங்கரையில் அரை மணித்தியாலம் போதும். மீதி நேரம் தீனி இறக்கும் இடத்திலும், 2015இல் வகொல்லையில் திறந்த மிருகக்காட்சிசாலையில் சிறுத்தைக் கூண்டுக்கு முன்னாலும். அங்கே நின்று அந்தப் பையனே மற்றப் பிள்ளைகளுக்குக் கண்ணி என்ன செய்யும் என்று விளக்கட்டும். அவனுக்கு அது எங்களைவிட நன்றாகத் தெரியும்.

தண்ணீர் விளையாட்டு கேட்டவர்களுக்கு: வேறு ஒரு நாள், ஒரு ஞாயிறு, குடும்பமாகப் போய் வாருங்கள். நானும் என் பிள்ளைகளோடு வருகிறேன்.

கடைசியாக ஒன்று. கண்ணியில் ஏதாவது மாட்டியிருப்பதைப் பார்த்தால் பக்கத்தில் போய்க் கம்பியை வெட்ட வேண்டாம், வீடியோ எடுக்க ஊரைக் கூட்டவும் வேண்டாம். சனம் கூடக் கூட அது இன்னும் துள்ளும், கம்பி இன்னும் இறுகும். 1992க்கு அழையுங்கள், வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம் அது. சிங்களத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் எனக்கு ஒரு அழைப்புக் கொடுங்கள், எந்த நேரமானாலும் நான் பேசுகிறேன். கட்டியது யார் என்று கேட்க மாட்டேன்.

பெற்றோர் கூட்டம் வரும் புதன்கிழமை 2 மணிக்கு. பன்றிக்கு வேலி போடுவதில் யாருக்காவது நல்ல அனுபவம் இருந்தால் தயவுசெய்து வாருங்கள், அல்லது கீழே எழுதுங்கள். செலவு எவ்வளவு, எவ்வளவு நாள் நின்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.